பட்டா மனு அசையவில்லையா? ஆர்டிஐ போடப் போகிறவர்களுக்கு, மூன்று முறை போட்டவன் எழுதுவது

பாகப்பிரிவினையில் எனக்கு வந்த ஆறு சென்ட் இடத்தை உட்பிரிவு செய்து பட்டா மாற்றித் தரச் சொல்லி இ-சேவை மையத்தில் மனு போட்டேன். பதினோரு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. போகும்போதெல்லாம் ஒரு காரணம்: சர்வேயர் லீவு, சர்வேயர் மாற்றலாகிவிட்டார், தேர்தல் வேலை, அடுத்த வாரம் வாங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போடுங்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். போட்டேன். முதல் மனு போனதற்கே என்னிடம் சாட்சி இல்லை. இரண்டாவது மனு ஒற்றை வரிப் பதிலோடு முடிந்தது. மூன்றாவதுதான் வேலை செய்தது. அந்த மூன்றாவது மனுவை நீங்கள் முதலிலேயே போட்டுவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்கு. மத்திய அரசு அலுவலகம் என்றால் எங்கே மாறுகிறது என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். பட்டாவை உதாரணமாக எடுத்திருந்தாலும் முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பஞ்சாயத்து ரோடு எதுவானாலும் வழி இதேதான்.

1. கவுண்டரில் நிற்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஏ) நமக்குப் பேச்சுரிமை தருகிறது. அரசு என்ன செய்கிறது என்றே தெரியாமல் என்னத்தைப் பேசுவது? அதனால் அறியும் உரிமையும் அதற்குள் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அந்த உரிமையைக் கையில் எடுப்பதற்கான நடைமுறைதான் 2005-ஆம் ஆண்டுச் சட்டம். இது எதற்குத் தெரிய வேண்டும் என்றால், கவுண்டரில் நமக்குத் தொண்டை அடைக்கிறது. ஏதோ சலுகை கேட்டு வந்த மாதிரி கூனிக் குறுகுகிறோம். அது வேண்டாம்.

மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமை குடிமக்களுக்கு மட்டும். அதனால் சங்கத்தின் பெயரிலோ கம்பெனி லெட்டர்ஹெட்டிலோ போடாமல் உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள். "நான் இந்தியக் குடிமகன்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

காரணம் சொல்லத் தேவையில்லை. பிரிவு 6(2) இதைத் தெளிவாகச் சொல்கிறது: தொடர்புகொள்ளத் தேவையான விவரம் தவிர வேறெதையும் அவர்கள் கேட்கக் கூடாது. "கோர்ட்டே காரணம் சொல்லணும்னு சொல்லியிருக்கு" என்று யாராவது சொன்னால், 2014-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் அப்படி வந்தது உண்மை, ஆனால் சில நாட்களிலேயே நீதிமன்றம் தானாகவே அந்தப் பகுதியை நீக்கிவிட்டது என்று பதில் சொல்லுங்கள்.

தமிழில் எழுதலாம். இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பு என்று நானும் நினைத்து, ஒருவருக்கு 200 ரூபாய் கொடுத்து என் முதல் மனுவை டைப் அடித்தேன். தண்டம். எழுதவே தெரியாதவர் நேரில் போய் வாயால் சொன்னால் அதை எழுத்தாக்க உதவ வேண்டியதும் பொதுத் தகவல் அலுவலரின் (ஆர்டிஐ மனுவை வாங்கிப் பதில் தருபவர்) கடமை என்று பிரிவு 6(1) சொல்கிறது.

2. கேள்வி கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

என் இரண்டாவது மனுவில் நான் எழுதியது இது: "என் மனு மீது இன்னும் ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை? எப்போது பட்டா தருவீர்கள்? தாமதத்துக்கு யார் பொறுப்பு?" எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. சரியாக இருபத்தெட்டாவது நாளில் பதில் வந்தது. "மனுதாரர் கோருவது வினா வடிவில் உள்ளது. பிரிவு 2(எஃப்)-இன்படி தகவல் என்ற வரையறைக்குள் வராது." முடிந்தது கதை.

கோபம் வந்தாலும், அவர்கள் சொன்னதில் சட்டப்படி ஒரு பிடிமானம் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் தகவல் என்றால் அலுவலகத்தில் ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவில் இருக்கும் பதிவு: கோப்பு, கடிதம், பதிவேடு, உத்தரவு, சுற்றறிக்கை, அறிக்கை, கம்ப்யூட்டரில் இருக்கும் தரவு. "ஏன்" என்பதற்கு உட்கார்ந்து யோசித்து விளக்கம் எழுதித் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. ஆனால் அந்த "ஏன்" எந்தக் காகிதத்தில் ஒளிந்திருக்கிறதோ அதன் நகலைக் கேட்டால் தந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது மனுவில் இப்படி மாற்றினேன். நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"இன்ன தேதியிட்ட, இன்ன எண் கொண்ட என் பட்டா மாறுதல் மனு தொடர்பாக:

அ) மனு பெறப்பட்ட நாள் முதல் இன்று வரை அதன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளைக் காட்டும் கோப்புக் குறிப்புத் தாள்களின் நகல்.

ஆ) அந்த மனு எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நிலுவையில் இருந்தது என்ற விவரம், அந்த அலுவலர்களின் பதவிப் பெயருடன்.

இ) கிராம நிர்வாக அலுவலரும் சர்வேயரும் சமர்ப்பித்த அறிக்கைகளின் நகல். அறிக்கை இல்லையெனில் இல்லை என்ற தகவல்.

ஈ) இவ்வகை மனுக்களை எத்தனை நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று கூறும் அரசாணை அல்லது சுற்றறிக்கையின் நகல்.

உ) என் மனு பெறப்பட்ட அதே மாதத்தில் இந்த அலுவலகம் பெற்ற உட்பிரிவு மனுக்களின் எண்ணிக்கை, அவற்றில் முடிக்கப்பட்டவற்றின் எண்ணிக்கை.

ஊ) மேற்கண்ட கோப்பை நேரில் பார்வையிட, பிரிவு 2(ஜே)-இன்படி நாளும் நேரமும் குறித்துத் தர வேண்டுகிறேன்."

இதில் ஆ-வும் உ-வும்தான் கடிக்கும். தேதிகளை அவர்கள் கையாலேயே எழுதித் தரும்போது, எட்டு மாதம் ஒரே மேஜையில் தூங்கியது தானாக வெளியே வரும். உங்களுக்குப் பின்னால் வந்தவருக்குப் பட்டா கிடைத்திருந்தால் அதன் நாற்றமும் அந்த எண்ணிக்கையில் வரும். யாரையும் குற்றம் சாட்டி ஒரு வார்த்தைகூட எழுதத் தேவையில்லை. எழுதினால் அது மனுவாக இருக்காது, புகாராகிவிடும், அதை வைத்தே தள்ளிவிடுவார்கள்.

இன்னொரு பொறி: ஒரே மனுவில் ஊர்க் கதை முழுவதையும் கேட்பது. பட்டா, ஏரி ஆக்கிரமிப்பு, பஞ்சாயத்துக் கணக்கு மூன்றையும் சேர்த்துக் கேட்டால் மூன்று அலுவலகத்துக்குப் பிரித்து அனுப்பி, மூன்று இடத்திலிருந்தும் அரைகுறைப் பதில் வரும். ஒரு மனு, ஒரு விஷயம். மத்திய அரசுக்குப் போடும் மனு சாதாரணமாக 500 வார்த்தைக்குள் இருக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு ஆர்டிஐ விதிகளே சொல்கின்றன. எங்கே போட்டாலும் ஒரு பக்கத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

3. யாருக்கு அனுப்புவது

"பொதுத் தகவல் அலுவலர், வட்டாட்சியர் அலுவலகம், ஊர், பின்கோடு." இவ்வளவு போதும். அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்ற பெயர் தேவையில்லை. பெயர் போட்டு அனுப்பினால், அவர் மாற்றலாகிப் போயிருந்தால் கவரும் அவர் பின்னாலேயே போகும்.

தப்பான அலுவலகத்துக்குப் போட்டுவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். பிரிவு 6(3)-இன்படி அவர்களே ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. தனியார் பேங்க், தனியார் ஆஸ்பத்திரிக்கு நேரடியாக ஆர்டிஐ போட முடியாது. ஆனால் அவற்றைக் கண்காணிக்கும் அரசு அமைப்பிடம் அவற்றைப் பற்றி என்ன கோப்பு இருக்கிறதோ அதைக் கேட்கலாம்.

4. பத்து ரூபாய், ஆனால் எந்தப் பத்து ரூபாய்?

மனுக் கட்டணம் 10 ரூபாய். சில்லறைக் காசுதான், ஆனால் நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

தமிழ்நாடு அரசு அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கோர்ட் வாசலில், ஸ்டாம்ப் வெண்டரிடம் கிடைக்கும். பத்து ரூபாய் ஸ்டாம்பைப் பதினைந்துக்கு விற்பவர்களும் உண்டு, வாதாட நேரமில்லை என்று கொடுத்துவிட்டு வந்தேன். கவனிக்க வேண்டியது, ரசீதில் ஒட்டும் ரெவின்யூ ஸ்டாம்ப் வேறு, தபால் தலை வேறு, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வேறு. என் பக்கத்து வீட்டுக்காரர் பத்து ரெவின்யூ ஸ்டாம்பை வரிசையாக ஒட்டி அனுப்பி, கட்டணம் செலுத்தவில்லை என்று திரும்பி வந்து ஒரு மாதத்தைத் தொலைத்தார். நேரில் போனால் ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கலாம், டிடி-யும் எடுக்கலாம், ஆனால் பத்து ரூபாய்க்கு டிடி எடுத்தால் பேங்க் கமிஷன் அதைவிட அதிகம்.

மத்திய அரசு அலுவலகம் (பாஸ்போர்ட், ரயில்வே, தபால், பி.எஃப்.) என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லாது. போஸ்ட் ஆபீஸில் பத்து ரூபாய் இந்தியன் போஸ்டல் ஆர்டர் வாங்கி, "அக்கவுண்ட்ஸ் ஆபீஸர்" பெயருக்கு அந்த அலுவலகத்தின் பெயரோடு நிரப்பி இணைக்க வேண்டும். அல்லது மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் கட்டலாம். மாநில அரசுக்கும் ஆன்லைன் தளம் இருக்கிறது, உங்களுக்கு வேண்டிய அலுவலகம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை, அதற்கான சான்றின் நகலை இணைத்தால் போதும். நகல் கட்டணம் சாதாரண பக்கத்துக்கு 2 ரூபாய், அது பிறகு அவர்கள் கேட்கும்போது. கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

5. அனுப்பும் முன், அனுப்பிய பின்

ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, தேதி எழுதிய பிறகு ஜெராக்ஸ் எடுங்கள். அதற்கு முன் எடுத்த நகலில் ஸ்டாம்ப் இருக்காது, பின்னால் மேல்முறையீட்டுக்குத் தகவல் ஆணையத்துக்குப் போகும்போது "கட்டணம் கட்டினீர்களா" என்றால் கையில் ஒன்றும் இருக்காது.

என் முதல் மனுவை நான் சாதாரணத் தபாலில் போட்டேன். அது போய்ச் சேர்ந்ததா, குப்பைக்கூடைக்குப் போனதா, இன்று வரை தெரியாது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள் (பழைய பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்). நான்கைந்து நாள் கழித்து ட்ராக்கிங்கில் டெலிவரி ஆன தேதி வந்ததும் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். கொஞ்ச நாளில் அந்த விவரம் தளத்திலிருந்து காணாமல் போய்விடும். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் இடத்தை விட்டு நகராதீர்கள். "தபால் பிரிவில் கொடுத்துட்டுப் போங்க, பார்த்துக்கிறோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே நில்லுங்கள்.

கவர்மேல் "தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் மனு" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். மூன்றாவது மனுவுக்கு மொத்தச் செலவு எனக்கு நூறு ரூபாயைத் தொடவில்லை.

6. முப்பது நாளை எண்ணுவது

மனு அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்து 30 நாள். நீங்கள் போஸ்ட் செய்த நாளிலிருந்து அல்ல. உயிர் அல்லது தனிமனிதச் சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம் (போலீஸ் கூட்டிக்கொண்டு போனவர் எங்கே என்பது போன்றவை, பட்டாவுக்கு இது பொருந்தாது).

நடுவில் "இத்தனை பக்கம், இவ்வளவு ரூபாய் கட்டுங்கள்" என்று கடிதம் வரலாம். அந்தக் கடிதம் புறப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை உள்ள நாட்கள் 30-இல் சேராது. அதனால் கடிதம் வந்த அன்றே கட்டிவிடுங்கள். ஆனால் 30 நாள் முடிந்த பிறகு பணம் கேட்டால் கட்டத் தேவையில்லை. பிரிவு 7(6)-இன்படி அதற்குப் பிறகு தகவல் இலவசம்.

பதில் வந்த கவரைக் கிழித்துப் போடாதீர்கள். எனக்கு வந்த ஒரு கடிதத்தில் உள்ளே இருந்த தேதி 9, கவர்மேல் தபால் முத்திரை 24. கெடு தாண்டவில்லை என்று காட்ட முன்தேதி போட்டிருந்தார்கள். கவரைக் கடிதத்தோடு சேர்த்து பின் அடித்து வைத்தேன், மேல்முறையீட்டில் அது என் பக்கம் பேசியது.

"தனிநபர் தகவல், தர இயலாது" என்ற பதில் இப்போது அதிகம் வரும். பிரிவு 8(1)(ஜே) முன்பு பொதுநலன் இருந்தால் தரலாம் என்று தன்னுள்ளேயே வழி வைத்திருந்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சுருக்கிவிட்டது, 2025 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. எனக்கு இதில் நல்ல அபிப்பிராயம் இல்லை, அலுவலர்களுக்குப் பெரிய குடை கிடைத்த மாதிரி. என்றாலும் இரண்டு வழி மிச்சம் இருக்கிறது: தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்கிற 8(2), மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைத் தரச் சொல்லும் பிரிவு 10. உங்கள் சொந்த மனுவின் நிலையை நீங்கள் கேட்பதற்கு இந்தத் தடையே பொருந்தாது என்றும் எழுதுங்கள். மனுவில் மற்றவர்களின் பெயரைக் கேட்காமல் எண்ணிக்கையும் பதவியும் கேட்கச் சொன்னது இதற்காகவும்தான்.

7. கோப்பைப் பார்க்கக் கூப்பிட்டால் போங்கள்

பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. எனக்கு ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நாடா கட்டிய பழுப்பு ஃபைல். உள்ளே என் மனு, என் பத்திர நகல், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை. அறிக்கை, மனு போட்ட பத்தொன்பதாவது நாளே வந்திருக்கிறது. அதற்கு அடுத்த குறிப்பில் "அளவுக்கு அனுப்புக" என்று ஒரு வரி, கீழே சின்னக் கையெழுத்து. அதற்குப் பிறகு வெள்ளைத் தாள். பத்து மாதம் சர்வேயர் லீவு, தேர்தல் வேலை என்று எனக்குச் சொன்னதெல்லாம் வாய்க் கதை, கோப்பு சர்வேயரிடம் போகவே இல்லை.

போகும்போது அடையாள அட்டையும், கடிதத்தின் நகலும், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். பக்க எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுங்கள். சத்தம் போட வேண்டாம். எனக்கு ஃபைலை எடுத்துக் கொடுத்த உதவியாளர் பாவம், அவர் போன மாதம்தான் அந்த சீட்டுக்கு வந்தவர்.

8. பதில் வராவிட்டால், அல்லது உருப்படியாக வராவிட்டால்

முதல் மேல்முறையீடு. அதே அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு மேலே உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்கு. கட்டணம் கிடையாது. பதில் வந்தால் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், வராவிட்டால் கெடு முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள். அவர் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும், காரணம் எழுதி 45 நாள் வரை இழுக்கலாம்.

இரண்டாவது மேல்முறையீடு சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு, 90 நாளுக்குள். இதற்கும் கட்டணம் இல்லை.

நாள் கணக்கில்தான் குழப்பம் வரும், ஒரு உதாரணம் போட்டுவிடுகிறேன். மனு மார்ச் 3 அன்று அவர்களிடம் சேர்ந்தது என்றால் கெடு ஏப்ரல் 2. பதில் இல்லையென்றால் மே 2-க்குள் முதல் மேல்முறையீடு. அது ஏப்ரல் 8 அன்று சேர்ந்தது, அதற்கும் பதில் இல்லை என்றால் மே 8 முதல் 90 நாளை எண்ணி, ஆகஸ்ட் 6-க்குள் ஆணையத்துக்கு அனுப்பிவிடுங்கள். 45 நாளை வைத்து எண்ணினால் இன்னும் கொஞ்சம் நாள் கிடைக்கும், ஆனால் அதில் வம்பு வேண்டாம்.

ஆணையத்துக்கு அனுப்பும் காகிதக் கட்டுக்குள் இருக்க வேண்டியவை: மனு நகல் (ஸ்டாம்ப் தெரியும்படி), டெலிவரி ஆன சாட்சி, வந்த பதிலும் கவரும், முதல் மேல்முறையீடு, அதன் சாட்சி, அதில் ஆணை வந்திருந்தால் அதுவும். என்ன தகவல் வரவில்லை என்று அ, ஆ, இ வரிசையில் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அந்த அலுவலருக்கு ஆணையம் அபராதம் விதிக்கலாம், பிரிவு 20. அதைக் கேட்டு ஒரு வரி எழுதுங்கள். ஆனால் ஆணையம் இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடு எதுவும் இல்லை, மாதக் கணக்கில் ஆகும். அதனால்தான் முதல் மனுவைச் சரியாக எழுதுங்கள் என்று இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

9. தகவல் கையில் வந்த பிறகு

ஆர்டிஐ பட்டா தராது. காகிதம்தான் தரும். அந்தக் காகிதத்தை இணைத்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை கோப்பு இந்தப் பிரிவில் இருந்தது, அவர்கள் தந்த பதிலின் நகல் இணைப்பு" என்று எழுதினால் அந்த மனுவின் கனமே வேறு. முதலமைச்சரின் உதவி எண் 1100-லும் பதிவு செய்யலாம்.

அதற்கும் அசையாவிட்டால் அரசமைப்புச் சட்டத்தின் 226-இன்படி உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, மனு மீது முடிவெடுக்க உத்தரவிடச் சொல்லி ரிட் போடலாம். அங்கேயும் முதலில் கேட்பார்கள், என்ன ஆதாரம் இருக்கிறது என்று. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் இவர்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமலேயே அந்த உதவி உண்டு.

எனக்குக் கோர்ட் வரை போக வேண்டியிருக்கவில்லை. கோப்பைப் பார்த்துவிட்டு வந்த மூன்றாவது வாரம், காலை ஏழரை மணிக்கு வாசலில் பைக் சத்தம். சர்வேயர் வந்திருந்தார், சங்கிலியோடு. "என்ன சார், நேரா வந்து கேட்டிருக்கலாமே" என்றார்.